கதவுநிலையில் இருந்த டோக்கன்கள்

என் மனைவி மூட்டு அறுவைச் சிகிச்சைக்காகப் பெங்களூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் என்னிடம் விட்டுப்போன பூனையை நான் சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன். தெரியாமல் செய்தது பாதி. அடித்தது மட்டும் தெரிந்தே செய்தது.

கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதில் தொடங்கியது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் தெருவில் காலையில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறார்கள். ஆனாலும் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு வாளியும் பிரஷும் வெளியே வந்துவிடும். அவள் திரும்பும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று நானும் இறங்கினேன். சுவரோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

எங்கள் கதவுநிலைகளில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். பூனை போகும்போதும் வரும்போதும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து உண்டானது. நான் துணி எடுத்தால் மனைவி தடுப்பாள். "டோக்கன் போடுது, உடுங்க." அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் இறங்கும் முன் ஆளுக்கொரு பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். யார் உள்ளே இருக்கிறார், யார் மேலே வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் கணக்கு. நான் காட்பாடியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த இன்ஜினியர். எனக்குப் பிசுக்கு என்றால் பிசுக்குதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இனாமல் அடித்தேன், தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். அதுவரை பூனை குளியலறையில் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் வெளியே வந்தது. ஒவ்வொரு நிலையாக மோந்து பார்த்தது. பிறகு வயிறு தரையில் உரச, பின்பக்கமாகவே நகர்ந்தது. மறுநாள் காலை வாலைத் தூக்கி நின்று, புதுப் பெயின்டின் மேல் மூத்திரத்தைப் பீய்ச்சியது. துடைத்துப் பினாயில் தெளித்தேன். மறுபடியும் அதே இடம். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். ஒருமுறை அல்ல.

பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா, ஊடு ஆஸ்பத்திரி மாதிரி நாறுது? பூனைக்கு இன்னா கோவம்?"

"கோவமா? கொழுப்பு."

"கொழுப்பு யாருக்குன்னு அக்கா வந்து சொல்லட்டும்."

அதன் பிறகு பூனை கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. வைத்த மீன் வைத்தபடி இருந்தது. தன் வயிற்றையே நக்கி நக்கி முடியெல்லாம் உதிர்ந்து, இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. என்னால் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்தேன். குனிந்து தட்டைப் பார்த்தேன். பேப்பரை விரித்தேன், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. மறுபடியும் போய்த் தட்டைப் பார்த்தேன்.

மனைவி போன் செய்வாள். "துன்னுச்சா?"

"துன்னுச்சு."

"மூஞ்சியக் காட்டுங்க."

"தூங்குது."

"எப்பக் கேட்டாலும் தூங்குதா?"

"குளிரு."

கடைசியில் மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அப்பா, பூனை சாப்பிடாம இருந்தா ஈரல் கெட்டுடும், இப்பவே டாக்டர்கிட்ட போங்க" என்று கத்தினாள். கூடையில் போட்டு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன்.

மருத்துவர் இளம்பெண். முதலில் சிறுநீரைப் பரிசோதித்து, அடைப்போ கல்லோ இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பசிக்கு மருந்து கொடுத்தார். பிறகு, "வீட்ல ஏதாவது மாத்தினீங்களா அங்கிள்?" என்று கேட்டார். பெயின்ட் அடித்ததைச் சொன்னேன். கதவுநிலையைத் தேய்த்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

பூனையின் கன்னத்தில் சுரப்பிகள் உண்டாம். அது தேய்க்கும் இடத்தில் படிவது பெரோமோன் என்னும் பொருள். நமக்கு அதில் வாசனையே கிடையாது. பூனைக்கு அது சேதி: இது என் இடம், இங்கே பயமில்லை. "நீங்க அது எல்லாத்தையும் ஒரே நாள்ல அழிச்சிட்டீங்க. அந்த இடத்துல பினாயிலும் போட்டிருக்கீங்க. அது பூனைக்கு விஷம், இனிமே வீட்லயே வேணாம்." அந்தக் கன்னச் சுரப்பைப் போலவே செயற்கையாகச் செய்த திரவம் கிடைக்கிறது, சுவரில் பிளக்கில் மாட்டினால் காற்றில் மெல்லப் பரவும் என்றார். மயக்க மருந்து இல்லை. எல்லாப் பூனைக்கும் வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். "அடிக்கல இல்ல?" என்று கேட்டார். நான் கூடையின் மூடியைச் சரிசெய்தேன்.

மகள் அந்தக் கருவியை வாங்கி, ரயிலில் ஊர் திரும்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாள். பார்க்கக் கொசு மருந்து மிஷின் போலவே இருந்தது. அதனால் நானும் அப்படியே செய்தேன்: பொழுது சாய்ந்தால் போடுவேன், காலையில் அணைப்பேன். ஆள் இல்லாத அறையில் ஒரு சுவிட்சும் எரியக் கூடாது என்பது தொழிற்சாலையில் ஊறிய பழக்கம். ஒரு மாற்றமும் இல்லையே என்று மகளிடம் புலம்பியபோதுதான் விஷயம் வெளிவந்தது.

"அப்பா! அது கொசுவுக்கு இல்ல. பகல்ல அந்தப் பூனை எங்க வேலைக்கா போகுது?"

அன்றிலிருந்து அணைக்கவில்லை. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்ததை எடுத்து, காற்றில் பரவும்படி திறந்த இடத்தில் மாட்டினேன். சில நாளில் பீய்ச்சுவது நின்றது. நான் கடைக்குப் போய் வந்தால் தட்டில் கொஞ்சம் குறைந்திருக்கும். என் காலடி கேட்டால் மட்டும் உடனே கட்டிலுக்கு அடியில். வீட்டைப் பற்றி அந்தத் திரவம் அதற்குத் தைரியம் சொல்லியிருக்கலாம். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மனைவி மகளோடு திரும்பும் நாள் வந்தது. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும், சொல்ல வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தேன். அவள் வாக்கரைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். கண் கீழே போயிற்று.

"நெலையத் தேச்சது யாரு?"

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பினாயில், செய்தித்தாள், போனில் சொன்ன பொய். மகள் பையைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள்.

"அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கட்டிலருகே நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். "என்னால குனிய முடியல. நீங்க படுத்துப் பாருங்க, இன்னா பண்ணுது?"

தரையில் படுத்தேன். இருட்டில் இரண்டு கண்கள்.

"பின்னாடி போவுது."

"தட்ட மெதுவா கிட்டத் தள்ளுங்க."

தள்ளினேன். சீறியது.

"நீங்க எழுந்து வெளிய போங்க" என்றாள்.

முற்றத்தில் நின்றேன். அவள் குரல் மட்டும் கேட்டது. "நான்தான்டி. ஆஸ்பத்திரி வாசன அடிக்குதா? எனக்கே புடிக்கல. வா, மெதுவா வா, எனக்கு இன்னா அவசரம்." நெடுநேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது. வெளியே நான் நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன்.

"துன்னுது" என்றாள், மிகத் தாழ்ந்த குரலில்.

மகளிடம் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா தெரியவில்லை. உள்ளே போக ஒரு கால் எடுத்தேன். பிறகு செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.