எதிர்க்கடைப் பலகையில் படித்த வரலாறு

போன வருடம் ஜூன் மாதம், ப்ளஸ் டூ முடித்திருந்த என் தங்கையை வேலப்பன்சாவடிப் பக்கம் உள்ள ஒரு தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு அரசுக் கல்லூரியில் சேர ஆசை. ஆனால் கவுன்சிலிங் இன்னும் தொடங்கவில்லை. கைவசம் ஓர் இடம் இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார். ஆவடி தொழிற்சாலையில் அவருக்கு அன்று ஷிஃப்ட் இருந்ததால், "நீயே இன்ஜினியர்தானே, பார்த்து முடிச்சிட்டு வா" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். அன்றைக்கும் இருபத்திரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆய்வகம், விடுதி, வேலைவாய்ப்பு என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் கவுன்டரில் இருந்தவர் சளைக்காமல் பதில் சொன்னார். இந்த நிறுவனம் எப்படித் தொடங்கியது என்றபோது மட்டும், "புரோஷர்ல இருக்கு மேடம்" என்றார்.

அதில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. முதல் வரியில் நிறுவனரின் கனவு, அடுத்த வரியில் இன்றைய பல்கலைக்கழகம். நடுவில் என்னதான் நடந்தது? எனக்கு மண்டை குடைந்தது.

"ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட், கூட மூணு செட் ஜெராக்ஸ் கொடுத்துடுங்க. இன்னைக்கே சீட் கன்ஃபர்ம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். ஒரிஜினல்களைத் தனி உறையில் வரிசையாக அடுக்கித் தயாராகவே வைத்திருந்தேன்.

நகல் எடுக்க வாசலுக்கு எதிரே இருந்த கடைக்குப் போனோம். 'பல்கலைக்கழகம் எதிரில்' என்ற ஃபிளெக்ஸ் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அதன் பின்னால் ஒரு தகரப் பலகை: 'இன்ஜினியரிங் கல்லூரி எதிரில்'. அதற்கும் கீழே, சுவரில் மங்கிய பெயின்ட்: 'பாலிடெக்னிக் எதிரில்'. நான் தேடிய வரலாறு அங்கே இருந்தது.

கடைக்கார அக்காவிடம் கேட்டேன்.

"நா கட போட்டப்போ உள்ள ரெண்டு ஷெட்டுதாம்மா. அவுங்க பேரு மாத்தறப்பல்லாம் நானும் போர்டு மாத்திகினே கீறேன்" என்று சிரித்தவர், டி.சி.யை மிஷினில் வைக்கப் போகையில் நிமிர்ந்தார். "ஒரிஜினல் இன்னாத்துக்கு? உள்ள குடுக்கவா? கவுன்சிலிங் முடிஞ்சிச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்பால கவர்மென்ட் சீட்டு வந்தா? என் மிஷினு ஒரிஜினல ஒடனே திருப்பிக் குடுத்துடும். உள்ள எப்போ குடுப்பாங்கன்னு கேட்டியா? வருசா வருசம் இங்க வந்து நின்னு அழுவுறாங்கம்மா."

தங்கை என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது உன் லிஸ்ட்ல எத்தனாவது?"

அந்தக் கேள்வி பட்டியலில் எங்குமே இல்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தால் ஒரிஜினல்களை எத்தனை நாளில் தருவீர்கள், எழுதித் தர முடியுமா? அதுவரை தடுமாறாமல் பேசியவர் முதல்முறையாக யோசித்தார். "மேல கேட்டுத்தான் சொல்லணும் மேடம்."

ஒரிஜினல்களைக் கொடுக்காமல், உறையோடு ஆவடியில் எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினோம். கைக்கு வந்த சீட்டை விட்டுவிட்டேன் என்று அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கவுன்சிலிங்கின் இரண்டாம் சுற்றில் தங்கைக்கு அரசுக் கல்லூரியில் இடம் வந்தது. சேர்வதற்கு ஒரு வாரம்கூட அவகாசம் இல்லை. மறுநாள் காலையிலேயே டி.சி.யோடு அப்பா அவளை அழைத்துப் போனார்.

இப்போதும் பட்டியல் போடுகிறேன். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், உள்ளே நுழையும் முன், வாசலுக்கு எதிரே பல வருடமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று என் கண் தேடுகிறது.