ஒற்றை அறைக்கு ஒரு கையெழுத்து

பதினோரு அடி நீளம், பத்தடி அகலம். மாணவியர் விடுதியின் நானூற்றுப் பன்னிரண்டாம் அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரே ஜன்னல். இரண்டாமாண்டு படிக்கும் அவள் கட்டிலைவிட்டு இறங்கினால் முழங்கால் பக்கத்துக் கட்டிலில் இடிக்கும். அது அறைத்தோழியுடையது, சட்டத்தில் ஆய்வு செய்யும் ஒரு அக்கா. அக்கா இவளைக் குட்டி என்பாள். தங்கமான மனுஷிதான், ஆனால் விடிகாலையில் அலாரம்மேல் அலாரம் அடிக்கும், அம்மாவிடம் ஸ்பீக்கரில் பேசுவாள், வாய்விட்டுப் படிப்பாள். அந்த அம்மாவுக்கு எந்தக் காலில் வலி என்பதுகூடக் குட்டிக்கு அத்துப்படி. பாடம்தான் மண்டையில் ஏறவில்லை. போன பருவத்தில் இரண்டு தாள் போயிற்று. இன்னொன்றும் போனால் படிப்பே போய்விடும்.

கீழ்த்தளத்தில் ஒற்றை அறைகள். ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஏழடிக்கு ஒன்பதடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். அங்கே இருந்தவள், காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தும் ஒரு ஈ காக்கா வரவில்லை என்றாள். குட்டி அதைக் காதிலேயே வாங்கவில்லை. அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது.

விண்ணப்பித்தாள். காரணம் எழுதும் கட்டத்தில், இருந்த ஆத்திரத்தில், ‘தினமும் ஐந்து அலாரம். மூச்சுவிட முடியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். நான்கு மாதம் கழித்து அவள் முறை வந்தது. விடுதி எழுத்தர் அதே படிவத்தை நீட்டி, அறைத்தோழியின் கையெழுத்து வேண்டும், ஐந்து மணிக்குள் என்றார். புதுப் படிவம் கேட்டாள். தரலாம், ஆனால் பட்டியலில் கடைசிக்குப் போக வேண்டும் என்றார்.

காரணம் தெரியாதபடி மடித்துக்கொண்டு மாடியேறினாள்.

"இங்க ஒரு கையெழுத்துக்கா."

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவள் அக்கா. மடிப்பைப் பிரித்து, நிதானமாகப் படித்தாள். குட்டி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அஞ்சு இல்லடி, மூணு. தப்பான தகவலுக்குக் கீழ நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

ஐந்தை அடித்தாள். மூன்று என்று எழுதி ஓரத்தில் சுருக்கொப்பமிட்டாள். கோர்ட்டில் இப்படித்தான், ஒப்பம் இருந்தால் திருத்தம் செல்லும் என்று விளக்கமும் சொன்னாள். கீழே முழுக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படிவத்தை நீட்டினாள்.

"போ. மூச்சுவிட முடியலன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. எழுத்தர் படிவத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பேனாவால் காட்டினார். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் ஏற்கப்படாது.

"இது கோர்ட் இல்லம்மா," என்றார்.

சாவி, பட்டியலில் அடுத்து இருந்தவளுக்குப் போனது. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். அடுத்த ஒற்றை அறை காலியாவது தேர்வு முடிந்த பிறகுதான்.