முன்சீட்டும் சக்களத்தியும்

பல் டாக்டரிடம் போனால் சாய்ந்து படுக்கச் சொல்வார்களே ஒரு நாற்காலி, காலால் மிதித்தால் மேலே ஏறும், கீழே இறங்கும், அதைப் பழுது பார்ப்பதுதான் அவள் புருஷனுக்குத் தொழில். எல்லோரும் அவரை நாற்காலிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அதனால் அவளும் நாற்காலிக்காரம்மா ஆகிவிட்டாள். ஒரு திருகாணியைக்கூட அவள் தொட்டதில்லை. வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வது அவள் வேலை.

சிரிக்கலாம், ஆனால் வேலைதான் அது. நாற்காலிக்காரருக்குக் கை எவ்வளவு சாமர்த்தியமோ, திசை அவ்வளவு மட்டம். போன வாரம் போய்வந்த கிளினிக்குக்கு இந்த வாரம் வழி கேட்பார். மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் நாற்காலிக்காரம்மா வீட்டில் தனியாக இருந்து பார்த்தாள். காலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு, ஃபிரிட்ஜ் உறுமுவதும் நிற்பதும்தான் துணை. அது நின்றால் இவளுக்குத் திக்கென்று இருக்கும். வாய்விட்டு ஒரு வார்த்தை பேசாமலே சாயங்காலம் ஆகிவிடும். ஒருநாள் அவர் பாதி வழியில் திக்குத் தெரியாமல் நின்று போன் பண்ணினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனவள்தான், அதற்கப்புறம் அந்த முன்சீட்டை விடவில்லை.

வீட்டில் அவர் வாயைத் திறக்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற கதை. வண்டியில் ஏறினால்தான் இரண்டு பேருக்கும் பேச்சு என்று ஒன்று நடக்கும். மஞ்சள் கட்டடம் தாண்டி இடது என்பாள், ம் என்பார். தையல்கடை வந்ததும் மெதுவாகப் போங்கள் என்பாள், அதற்கும் ஒரு ம். நடுநடுவே மகள் போனில் சொன்னது, பால் திரிந்தது, மாடிவீட்டுக்காரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது எல்லாவற்றையும் சொருகிவிடுவாள். எல்லாவற்றுக்கும் ம் வரும். அந்த ம் போதும் அவளுக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடுவாள்.

கொஞ்ச காலமாக அவர் திருப்பங்களைக் கோட்டைவிட ஆரம்பித்தார். இடது என்பாள், நேராகப் போய்விடுவார்.

"சொன்னா காதுல வாங்கறதே இல்ல" என்றாள் ஒருநாள்.

"நீ சொல்லவே இல்ல" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. சொன்னதைச் சொல்லவில்லை என்றால் அப்புறம் அந்த சீட்டில் அவள் எதற்கு?

பழைய வேன் எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. மகளும் மருமகனும் சேர்ந்து வேறொரு வண்டி பார்த்துக் கொடுத்தார்கள். யாரோ ஓட்டின வண்டிதான், ஆனால் சுத்தமாக இருந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் வண்டியோடு வண்டியாகப் பதித்த ஒரு திரை. போகவேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால் படத்தில் நீலக்கோடு போடும், அம்பு காட்டும், வாய்விட்டும் சொல்லும். மகள் போனில், "அம்மா, இனிமே நீ அலைய வேண்டாம். வண்டியே வழி சொல்லிடும். நீ வீட்ல நிம்மதியா இரு" என்றாள். நிம்மதி என்றதும் நாற்காலிக்காரம்மாவுக்கு ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

மறுநாள் அவளும் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. "முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்புங்கள்" என்றது ஒரு பெண்குரல். இருமல் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி. அதை அவர் எவ்வளவு சத்தமாக வைத்தார் என்றால், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். எனக்கு ஒருநாளாவது இப்படிக் காது கொடுத்திருப்பாரா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே அந்தக் குரலுக்குச் சக்களத்தி என்று பேர் வைத்தாள்.

"எங்க வண்டியில சக்களத்தி ஒருத்தி ஏறியிருக்கா. சோறு கேக்க மாட்டா, புடவை கேக்க மாட்டா, அதுவரைக்கும் லாபம்" என்று ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது. இவளும் கூடச் சிரித்தாள். வண்டிக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினதும் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

சக்களத்தி எங்கேயாவது தப்பு விட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அது விட்டால்தானே! இவளுக்கே தெரியாத ஒரு பாலத்து வழியாகக் கூட்டிப்போய், பாதி நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. முந்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. மாடிவீட்டுக்காரி கதையை எடுத்தால் நடுவில் அது குறுக்கே விழுந்தது. போகப்போக அவளே பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் மறுபடியும் போனில், வீட்டில் நிம்மதியாக இரு என்று அதையே சொன்னாள். ரோஷம் வந்துவிட்டது இவளுக்கு. போனை வைத்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "திங்கக்கெழமையிலேந்து நான் வரலைங்க. நீங்களும் அவளும் போயிட்டு வாங்க" என்றாள். வேண்டாம், நீ வா என்று ஒரு வார்த்தை பின்னாலிருந்து வரும் என்று குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"ம்" என்றார் அவர்.

சனிக்கிழமை அவள் கடைசியாகப் போகிற நாள். ஒரு கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் உள்ளே போயிருந்தார். இவளும் சக்களத்தியும் மட்டும். திரையின் ஓரத்தில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு படம் இருந்தது. இன்றைக்கு ஒருநாளாவது நீ வாயை மூடு என்று அதை ஓர் அமுக்கு அமுக்கினாள். படத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வண்டியை எடுத்தார். சத்தம் எங்கே என்று கேட்பார், சண்டை போடலாம், சண்டையாவது பேச்சுதானே என்று இவள் தயாராக இருந்தாள். முதல் திருப்பம் வந்தது. திரையில் அம்பு வளைந்தது, அவர் திருப்பினார். இரண்டாவது திருப்பமும் அப்படியே. குரல் இல்லை என்று அவர் கவனிக்கவே இல்லை.

அவர் காதுப்பக்கமாக அவள் சற்றுச் சாய்ந்தாள். மெல்லச் சொன்னாள்: "வண்டியை நிறுத்துங்க, நான் எறங்கணும்."

"ம்" என்றார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷமாக எந்தத் திருப்பத்திலும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்: "வீட்ல தனியாக் கெடக்க எனக்குப் பயமா இருக்குங்க."

"ம்."

எந்த ம் கேட்டுச் சொன்னது, எந்த ம் கேட்காமல் சொன்னது? மகள் கதைக்குச் சொன்னது? பால் திரிந்ததற்குச் சொன்னது? எண்ணிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்திருக்கிறோம், அதுவும் எத்தனை காலமாகவோ, என்பது மட்டும் புரிந்தது.

முன்னால் ஒரு முக்கு வந்தது. அம்பு வளைவதற்குள் அவள் கையை நீட்டி அவர் இடது முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். இடது பக்கம் விரலைக் காட்டினாள். திருப்பி, ஒரு மரக்கடை மதிலோரமாக வண்டியை நிறுத்தினார். திரையில் கோடு விழுந்த படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"இப்பத்தான்" என்றாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலிக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் இரைச்சல் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டதாம். நாற்காலி சரியாகிவிட்டதா என்று சத்தத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும். இப்போது கையை வைத்து அதிர்வைப் பார்த்துச் சமாளிக்கிறாராம். வெளியே தெரிந்தால் எந்த டாக்டர் கூப்பிடுவார் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தக் குரலை எவ்வளவு ஏற்றி வைத்தாலும் முனகல் மாதிரிதான் கேட்குமாம். அம்பு இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வண்டிக்குச் சரி என்றாராம்.

அவள் கொஞ்சநேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்: "நேத்து பாத்திரம் தேய்க்கறப்ப ஒண்ணு சொன்னேனே?"

"நேத்தா? என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "நான் சொல்லவே இல்ல."

திங்கட்கிழமை காலையில் அவர் கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவள் முன்சீட்டில் இருந்தாள். சாயங்காலம் காது டாக்டரிடம் போவதென்று பேசி வைத்திருந்தார்கள். குரலை அவளும் திறந்துவிடவில்லை, அவரும் கேட்கவில்லை. வண்டிக்குள் டயர் உருளும் சத்தம் மட்டும். முனையில் ஒரு தட்டு, அடுத்த முனையில் ஒரு தட்டு. மற்றதையெல்லாம் எந்த முழங்காலில் தட்டிச் சொல்வது? மாடிவீட்டுக்காரி கதை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

கடைசியில் ஒரு நீளமான சாலை வந்தது. திருப்பமே கிடையாது, அம்பும் நேராகவே நின்றது. தட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"இந்தா, எங்க திரும்பணும்?" என்றார் அவர்.

அம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவரும் அம்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். கையை எடுத்து அவர் முழங்கால்மேல் வைத்தாள். தட்டவில்லை. சாலை முடிகிறவரைக்கும் எடுக்கவும் இல்லை.