தம்பிக்கு அப்பா வைத்த ருஷ்யப் பெயர்

எனக்கு எழுத்துக் குறைவு. நான் சொல்லச் சொல்லத் தம்பியின் மகள், என் மருமகள், எழுதுகிறாள். ஒரு சொல்லையும் அழகுபடுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பிறகு அம்மா பெற்ற பிள்ளைகள் தங்கவில்லை. ஏணைத் தொட்டில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த வீடு அது. அந்த வீட்டில், சாவகச்சேரியில், தம்பி பிறந்தார், தங்கினார். அப்பா அப்போது கொழும்பில் ருஷ்ய எஞ்சினியர் ஒருவருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுநாள் காத்திருந்து பெற்ற ஆண்பிள்ளைக்குத் தங்கள் நாட்டில் ஒரு பழைய பெயர் உண்டு என்று அவர் சொன்னாராம். காத்திருப்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லிலிருந்து வந்த பெயர். தேவாலயங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. பிறகு புனிதர்களின் பெயர்கள் வந்து இதைத் தள்ளிவிட்டன. இப்போது அங்கேயே கேட்பது அரிதாம். அப்பா ஊருக்கு வந்து அதையே வைத்தார்: ஜ்தான்.

மாமி சிரித்தா. "என்ன அண்ணை, தும்மினமாதிரி ஒரு பெயர்! முருகன்ரை பெயர் ஒண்டு கிடைக்கேல்லையோ?"

"முருகனைக் கேட்டன், பிள்ளையைத் தந்தவர். பெயரை நான் வைக்கிறன்," என்றார் அப்பா.

சண்டையில் வீடு போனது. லண்டனுக்கு வந்து பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தே தம்பி மகளைப் படிப்பித்தார். பெயரை ஒருநாளும் சுருக்கவில்லை. யார் கேட்டாலும் நின்று பொருள் சொல்லுவார். ஆனால் இந்த நாட்டில் தகப்பன் பெயர்தானே பின்பெயர். எல்லாரும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

மனைவி போனபின் வால்தம்ஸ்டோவில் என்னோடு இருந்தார். ஞாபகம் கழன்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "மிஸ்டர் செல்லையா" என்று மருந்தோடு வந்தாள்.

"அப்பா வேலைக்குப் போயிட்டார். பின்னேரம் வாங்கோ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் குனிந்து, "ஜ்தான்" என்றேன். "ஓம் அக்கா," என்று வாயைத் திறந்தார். அந்த நர்ஸ் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய குரலுக்கும் திரும்பினார்.

ஒரு காலையில் நான் கூப்பிட்டேன், மருமகள் கூப்பிட்டாள். திரும்பவில்லை. கட்டிலைப் பிடித்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா காத்திருந்து பெற்றதை நான் எப்படி விடுவேன்? நர்ஸ் பிள்ளைதான் என் கையை மெல்லக் கழற்றினாள்.

ஹரோவிலிருந்து சின்னம்மாவின் மகன் வந்து, "குருக்களய்யாவுக்கு அந்தப் பெயர் வாயிலை வராது அக்கா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சாமிப் பெயரைச் சொல்லுவம்," என்றார்.

"ஏலாது," என்றேன். பெற்ற தகப்பனின் பெயருக்கே திரும்பாதவர், சாமிப் பெயருக்கு எப்படி வருவார்? வராவிட்டால் படைத்த சோறு யாருக்கு? அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பெயரைப் பழகிச் சொன்ன நர்ஸ் பிள்ளைக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், குளிரில் வந்து நின்ற உங்கள் எல்லாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். இன்னும் ஒரு உதவி செய்யுங்கள். அதற்காகத்தான் கிரியை தொடங்க முன்பே இந்த நினைவு மலரை அச்சடித்துக் கையில் தந்திருக்கிறோம். குருக்களய்யா பெயர் கேட்கும்போது என் குரல் எழும்பாது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து, உரத்துச் சொல்லுங்கள். அந்தப் பெயருக்குத்தான் அவன் திரும்புவான்.