இருமியும் நிற்காத பாட்டு

நாற்பது நாள் விடாமல் ஜெபமாலை சொன்னேன். என் கூடப்பிறந்த தம்பி அல்போன்ஸ் நாசமாகப் போக வேண்டும் என்பதற்காக. அன்பானவர்களே, இதை மறைத்துவிட்டு இந்த ஜெபக் கூட்டத்தில் உங்கள் முன் சாட்சி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பாட்டுதான் பிழைப்பு. தாத்தா தேர்பவனிகளில் பேண்டு வாசித்தவர். அப்பா ட்ரம்பெட் வாசிப்பார். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் மெல்லிசைக் குழுவைத் தொடங்கினார். நான் பாடினேன். தம்பி கீபோர்டு வாசித்தான். இப்போது என் மகள் ஜெனிபர் வாசிக்கிறாள்.

அப்பா சாகும்போது குழுவை என் பொறுப்பில் விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தம்பி ஆரம்பித்தான்.

"அக்கா, நானும்தானே இத்தனை வருஷம் வாசிச்சேன்? இனிமே உன்கிட்ட கைகட்டி நிக்கணுமா?"

"நிக்கிறதுன்னா நில்லு. இல்லன்னா போ" என்றேன், வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும்.

ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தனியாக சவுண்ட் சர்வீஸ் வைத்தான்.

அடுத்த வருடம் என் தொண்டையில் சின்னக் கட்டி வந்தது. மூன்று மாதம் பாடவே கூடாது என்றார் டாக்டர். அந்த நேரத்தில் உறையூரில் ஒரு திருவிழாக் கச்சேரி. விட மனமில்லை. பழைய பதிவை ஓடவிட்டு மேடையில் வாயை மட்டும் அசைத்தேன். நடுவில் இருமல் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுகிறேன், பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. யாரோ எடுத்த அந்த வீடியோ தம்பி கைக்குப் போனது. வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பினான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "எங்க அக்கா, டேப் ரெக்கார்டர்."

வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சத்தியம் செய்தேன். யாரும் நம்பவில்லை. தொண்டை சரியாகி துறையூரில் நிஜமாகவே பாடினேன். கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அக்கா, கொஞ்சம் இருமுங்க பாப்போம்!" எல்லாரும் சிரித்தார்கள். பாட்டை முடிக்காமலேயே இறங்கினேன். வர வேண்டிய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. கிட்டார் வாசித்தவர் வேறு குழுவுக்குப் போனார்.

அப்போதுதான் அந்த ஜெபத்தை ஆரம்பித்தேன். "அவன் கை விளங்காமப் போகணும் மாதாவே" என்று வாய்விட்டே சொல்வேன். நாற்பதாவது நாள் ஜெனிபர் அறை வாசலில் நின்று கேட்டுவிட்டாள்.

"மாமா அந்த வீடியோவுல பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா. நீங்கதானே சொல்றீங்க."

அறைந்துவிட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. அவள் அழவில்லை. "நீங்க உண்மையைச் சொல்ற வரைக்கும் நான் மேடை ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பூசைக்குப் போனேன். வழக்கமான ஜெபம் வாயில் வரவில்லை. முழங்காலில் வெகுநேரம் சும்மா இருந்தேன். கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். "ஆண்டவரே, பொய் சொன்னது நான். அதை ஊர் முன்னால ஒத்துக்கத் தைரியம் தாரும். என் தொண்டையைக் கைவிட்டுடாதேயும்."

கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். மண்டபத்து வாசலிலேயே என்னை மறித்தார்.

"அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பொண்ணு ஆசைப்பட்டாளேன்னு விட்டேன். இங்கே ஏமாத்தினேள்னா பாதியிலேயே இறக்கிடுவேன்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். மிக்ஸருக்குப் பின்னால் அல்போன்ஸ் உட்கார்ந்திருந்தான். சவுண்ட் சர்வீஸை மண்டபத்துக்காரர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள், எங்களுக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மைக்கைப் பிடித்தேன். "நீங்க பாத்த வீடியோ உண்மைதாங்க. தொண்டை சரியில்லாம அன்னைக்குப் பதிவை ஓடவிட்டேன். அப்புறம் இல்லவே இல்லன்னு பொய் சொன்னேன். மன்னிச்சுடுங்க. இன்னைக்கு நானே பாடப் போறேன்."

மண்டபத்தில் முணுமுணுப்பு. யாரும் கை தட்டவில்லை. என்னோடு வந்தும் மேடை ஏறாமல் கீழே உட்கார்ந்திருந்த ஜெனிபர் மட்டும் எழுந்து வந்து கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள்.

மூன்றாவது பாட்டு. சரணத்தில் உச்சத்துக்குப் போக வேண்டிய இடம். சட்டென்று ஸ்பீக்கர் எல்லாம் செத்துப்போனது. மின்சாரம் போகவில்லை, விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மிக்ஸரை அணைத்துவிட்டுத் தம்பி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். நான் வாயை அசைத்துக்கொண்டு ஊமையாக நிற்பதைப் பார்க்க வேண்டும் அவனுக்கு.

நான் நிறுத்தவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அந்த உச்சத்துக்குப் போனேன். எப்போதும் தொண்டை பிசிறும் இடம் அது. அன்று பிசிறவில்லை. கீபோர்டும் ஊமையாகிவிட்டதால் தபேலா மட்டும் கூட வந்தது. முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். பெண்ணின் அப்பா எழுந்து நின்று கத்தினார்.

"அந்த ஃபேனையெல்லாம் நிறுத்துங்கோ! பாடறா, காதுல விழலையா உங்களுக்கு?"

ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைவரை என் குரல் போனது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலை என் பலம் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் பாடவே முடியாமல் கிடந்த தொண்டை அது. ஆண்டவர் தாங்கினார்.

தம்பி மறுபடியும் மிக்ஸரைப் போட்டான். கடைசிவரை ஒழுங்காகவே வேலை செய்தான். வயர்களைச் சுருட்டும்போது பக்கத்தில் போனேன். "நீ அனுப்புனது நிஜம்தான்டா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "என்னை எல்லார் முன்னாலயும் போன்னு சொன்னியே, அதை எந்த மேடையில சொல்லப் போற?"

வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டான்.

அதை இன்று இந்த மேடையில் சொல்கிறேன். அல்போன்ஸ், உன்னை வெளியே போகச் சொன்னது பாவம். உனக்கும் அந்தக் குழுவில் உரிமை உண்டு. அவன் இங்கே வரவில்லை. இன்னும் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் கோபம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனாலும் தினமும் காலையில் அவன் பெயரைச் சொல்லி, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது கேட்கிறேன்.

உங்களில் யாராவது என்னைப் போல ஒருவரைச் சபித்து ஜெபித்துக்கொண்டிருந்தால், ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். முழங்காலிலிருந்து எழுந்திருக்காமல் அங்கேயே இருங்கள். அந்த நாற்பது நாள் நான் கேட்டதை ஆண்டவர் ஒருநாளும் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.