கழியில் களை எடுத்த மாமனார்

போன மாதம் என் மாமனார் கடலோரத்தில் களை எடுத்தார்.

சிரிக்காதீர்கள். நானும் கூடவே இருந்தேன்.

மாமனாருக்கு உத்திரமேரூர் பக்கத்தில் கழனி. புல்லைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. பஸ் வரும் வரை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பிடுங்கிக்கொண்டிருப்பார். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்துக் கொல்லையில் அருகம்புல்லோடு மல்லுக்கு நின்றவரைத் தேடிப்பிடித்து இழுத்து வந்துதான் தாரை வார்க்க உட்கார வைத்தார்கள்.

வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியோடு கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவார். அங்கே கோவிந்தன் என்று பழைய சிநேகிதர். அரிசியைக் கொடுத்துவிட்டுக் கருவாட்டு மூட்டையோடு திரும்புவார். இந்த முறை மூட்டை தூக்க மாப்பிள்ளை... அடியேன்!

நாங்கள் போனபோது கோவிந்தன் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கன்னியம்மாள் மீன் விற்கப் போயிருந்தார். வீட்டுக்கு எதிரே உப்பங்கழி — கடல் தண்ணீர் உள்ளே புகுந்து முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி நிற்கிற இடம். தண்ணீருக்கு அடியில் பச்சைப் பசேலென்று புல்.

மாமனார் அதைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, இப்டி மண்டிக்கினு கீது? பாவம், கோவிந்தனுக்குக் கடலுக்குப் போவவே நேரம் பத்தல. இத்த யாரு பாக்கறது?"

"மாமா, அது அவங்க எடம்..."

"அதான் செய்யறேன். சிநேகிதன் வூட்டுக்கு வந்து சும்மா குந்திக்கினு சோறு துன்றதா?"

மாமனாரை எதிர்த்துப் பேசும் மாப்பிள்ளை உங்கள் ஊரில் உண்டா? எங்கள் ஊரில் இல்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். வேரோடு பிடுங்காவிட்டால் அது களையெடுப்பே இல்லை என்பது அவர் கட்சி. பிடி பிடியாகப் பிடுங்கிக் கரையில் குவித்தார். கன்னியம்மாள் திரும்பி வந்தபோது ஒரு பெரிய பாத்தி அளவுக்குக் கழி மொட்டையாகியிருந்தது. மாமனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடியை எடுத்து உதறினார். நகத்தளவு இறால் குஞ்சுகள் துள்ளி விழுந்தன.

"மயக் காலத்துல கடலுக்குப் போவ முடியாதுண்ணே. அப்போ இந்தக் கழி எறாதான் எங்களுக்குச் சோறு. அது இந்தப் புல்லுலதான் ஒண்டிக்கினு வளருது."

மாமனார் கையிலிருந்த புல்லை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்போ நாத்தங்காலையா தங்கச்சி புடுங்கிட்டேன்?" என்றார். அவருடைய நாற்றங்காலில் எவனாவது கை வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"வேரோடதானே கீது? காயறதுக்குள்ள நட்டுடுண்ணே" என்றார் கன்னியம்மாள்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் நடவு என்பது பெண்கள் வேலை. மாமனார் ஆயுசுக்கும் ஒரு நாற்று நட்டதில்லை. வரப்பில் குடை பிடித்து நின்று, "கோணலா போவுது பாரு" என்று நடவுக்காரிகளை விரட்டியதுதான் அவருடைய நடவு அனுபவம்.

இறங்கினோம். குனிந்து, மூச்சைப் பிடித்து, சேற்றுக்குள் வேரை அழுத்தினால்... கையை எடுத்ததும் புல் மிதந்து மேலே வருகிறது! மறுபடி அழுத்தவேண்டும். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறுகிறது. அதற்குள் குப்பத்துப் பெண்கள் எல்லாம் கரையில் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, கோணலா போவுது பாரு."

யார் சொன்னது என்று தெரியவில்லை. சத்தியமாக நான் இல்லை.

கோவிந்தன் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சிநேகிதரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வலையை உதற ஆரம்பித்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. கருவாடு? "வேர் புடிக்கட்டும்ணே, அப்பால பாக்கலாம்" என்றார் கன்னியம்மாள். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

"மாப்ள, உங்க அத்தைக்குத் தெரிய வாணாம்."

நான் மாமியாரிடம் மூச்சு விடவில்லை. பத்திரிகையில் எழுதுவது அதில் சேருமா என்ன?

மாமனாரை மட்டும் சொல்வானேன்? நமக்குப் பேர் தெரியாத பச்சையெல்லாம் நமக்குக் களைதான். எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த மேனேஜர், வாசலில் அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று ஒரு பழைய பெஞ்சைத் தூக்கிக் கொல்லையில் போடச் சொன்னார். மறுநாளிலிருந்து மனு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் உட்கார இடமில்லாமல் நேராக அவர் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

சரி, கழிக்கு வருகிறேன். அன்றிலிருந்து மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கமே திரும்பாமல் நேராகக் கழிக்குத்தான் நடந்தார். நட்டதில் பாதி மிதந்து போயிருந்தது. மீதிப் பாதி, கோணல்மாணலாக, வேர் பிடித்து நின்றது. அதற்குள்ளே குஞ்சு இறால்கள் ஓடி ஒளிந்தன. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோவிந்தன் பக்கத்தில் வந்து, "சாப்ட்டியாபா?" என்றார். அவ்வளவுதான், சிநேகிதம் திரும்பிவிட்டது.

கிளம்பும்போது மாமனார் தண்ணீரையே உற்றுப் பார்த்தார். மெல்ல வேட்டியை மடித்தார்.

"தங்கச்சி, அதோ நடுவுல மட்டும் கொஞ்சம் நெருக்கமா கீது. லேசா கலைச்சி உட்டா..."

கன்னியம்மாள் உள்ளே போய்க் கருவாட்டு மூட்டையைத் தூக்கி வந்து, அவருடைய இரண்டு கையிலும் வைத்தார்.

"பஸ்ஸு ஏறுற வரைக்கும் கீய வைக்காதண்ணே."