வரியை விட்டு ஏறி நின்ற வார்த்தைகள்

1962-ஆம் வருஷம். கொடைக்கானலில் சீசன் கூட்டமெல்லாம் இறங்கிப்போய், விடாமல் மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி மாதம். நான் அப்போது செண்பகனூரில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வத்தலக்குண்டில் டைப்ரைட்டிங் ஹையர் படித்து முதல் வகுப்பில் தேறியவள் என்ற மண்டைக்கனம் கொஞ்சம்... இல்லை, நிறையவே இருந்தது. நான் அடித்த தாளில் அழிரப்பர் தேய்த்த தடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று ஆபீஸில் சவால் விடுவேன்.

பள்ளிக்குப் பக்கத்து வாடகை வீட்டில் ஒரு ரஷ்யப் பெண்மணி இருந்தார். நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை. ரஷ்யாவில் பிறந்து, சீனாவில் வளர்ந்து, அங்கே நிலைமை கெட்டபோது மிஷன்காரர்களோடு இங்கே வந்து சேர்ந்தவர். மகனும் மகளும் போர்டிங்கில் படித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் பேச்சு. தமிழில் ‘போடா’ தெரியும். ரஷ்ய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது.

மேடத்தின் அப்பா மரத்தில் சிற்பவேலை செய்தவர். தன் தொழிலைப் பற்றித் தடித்த நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். எத்தனையோ இடம் மாறியும் மேடத்திடம் தங்கியது அது ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்குள் மூன்று பேரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறார்கள். அதற்குள் நோட்டை ஆங்கிலமாக்கிவிட வேண்டும். “தாத்தா பேசுவதை என் பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்க வேண்டும்” என்பார். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஆபீஸ் முடிந்ததும் அங்கிருந்த சின்ன டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போவேன். பிளம்ஸ் ஜாம் கலந்த டீ ஒன்று கொடுப்பார். முதல் வாரம் முகம் சுளித்தேன். அப்புறம் அது இல்லாமல் விரல் ஓடவில்லை. அவர் நோட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கார்பன் வைத்து மூன்று படி அடிப்பேன். ஒரு சொல் சிக்கிக்கொண்டால் எழுந்து நின்று காற்றிலேயே உளி பிடித்துச் செதுக்கிக் காட்டுவார். ரஷ்ய மொழியில் ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்தால் ‘மனசாட்சியின் மேல் செய்தது’ என்பார்களாம். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் யோசித்துவிட்டு, “இடம் விடு” என்பார். நான் பத்துத் தட்டு வெற்றிடம் தட்டிவிட்டு மேலே போவேன். ‘பியூட்டிஃபுல்’ என்று போடலாமே என்று ஒருமுறை சொன்னேன். “அப்பா எந்த மரத்தையும் அழகு என்று சொன்னதில்லை. நிற்கிறது, நிற்கவில்லை, அவ்வளவுதான் சொல்வார்” என்றார்.

ஆறு வாரத்தில் நோட்டு முடிந்தது. பக்க எண் போட்டுத் தருகிறேன் என்று தாள்கட்டை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். ஞாயிறு, பூசை முடிந்து வந்து புரட்டினால், இடம் விட்டதெல்லாம் தாளில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. என் தாளில் ஓட்டையா? மூன்று தாளையும் கார்பனோடு சேர்த்து மறுபடி ஏற்றினேன். எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தையெல்லாம் அள்ளி அடைத்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு ஓட்டை மிச்சமில்லை.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வராந்தாவில் ஆசாரி ஒருவர் கப்பலுக்குச் சாமான் கட்டும் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து புரட்டினார். ‘வெரி குட்’டுக்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. “நானா இதைச் சொன்னேன்? அப்பா ஊகத்தில் வேலை செய்தார் என்று?”

அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே அளக்கும் திறமைக்கு அவர்கள் மொழியில் ஒரே சொல் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் ‘கெஸ்’ என்று அடித்திருந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எல்லா இடத்தையும் நானே நிரப்பிவிட்டேன் மேடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தாள்களை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதில் எது என் அப்பா, எது நீ?”

எனக்கு நாலைந்துதான் நினைவிருந்தது. ஐம்பதுக்கு மேல் நிரப்பியிருந்தேன். அவர்கள் கப்பலுக்குக் கிளம்ப எட்டே நாள். மங்கிப்போன அந்தக் கையெழுத்தோடு முதலிலிருந்து ஒப்பிட நேரமில்லை. தான் சொன்ன சொல்லையே தான் சந்தேகப்படுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அழுகிற சத்தம் கேட்டது. நான் வராந்தா படியில் உட்கார்ந்தேன். செத்துப்போகலாம் போலிருந்தது.

“என்ன டைப்பம்மா, அம்மா அழுவுறாங்க?” என்றார் ஆசாரி. சொன்னேன். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு ஒரு தாளைக் கேட்டார். “அண்ணே, இது இங்கிலீஷு” என்றேன். “இருக்கட்டும்மா, நான் படிக்கவா கேட்டேன்?” என்றார்.

பலகையில் கோட்டம் பார்ப்பது போலத் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடினார். பிறகு நகத்தால் தொட்டுக்காட்டினார். “இந்தா, இது வரியில நிக்கல, மேல ஏறிக் கெடக்கு. இது கீழ தொங்குது. அவசரத்துல அடிச்சதாங்க இதெல்லாம்?”

எல்லாம் நான் அடைத்தவை! கழற்றிய தாளைத் திரும்ப ஏற்றினால் அதே வரியில் உட்காராது என்று பாடத்தில் படித்தவள் நான்தான். ஆனால் மயிரிழை வித்தியாசம், என் கண்ணுக்குப் படவே இல்லை.

ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஆசாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, கண்ணால் அளப்பதற்கான அந்த ரஷ்யச் சொல்லின் மேல் விரலை வைத்தார். “என் அப்பாவும் இப்படித்தான் கண்ணை மூடுவார்” என்றார்.

இரண்டு நாள் பெட்டி வேலை நின்றது. “பெட்டிச் சோலி எங்கயும் ஓடிராதுங்க. வெரசா அடுத்த தாளைக் குடுங்க” என்று ஆசாரி பென்சிலால் புள்ளி வைக்க வைக்க, நான் பிளேடாலும் ரப்பராலும் சுரண்டினேன். நான் பீற்றிக்கொண்ட தாள்கள் அத்தனையும் தழும்பாகிப்போயின. சில இடங்களுக்கு மேடத்துக்கு ஆங்கிலம் கிடைத்தது. கிடைக்காத இடங்களில் ரஷ்யச் சொல்லையே மையால் எழுதினார். ‘கெஸ்’ இருந்த இடத்திலும் அப்படித்தான். அதன் பொருள் தெரிய வேண்டுமென்றால் செண்பகனூர்த் தச்சர் ஒருவரின் கதையைப் படியுங்கள் என்று பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதி, தாளின் பின்பக்கத்தில் நடந்ததையெல்லாம் விவரித்தார்.

பஸ் ஏறும் அன்று, தனக்கென்று வைத்திருந்த மூன்றாவது படியை என் கையில் கொடுத்தார். எனக்கு நோட்டே போதும் என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் அங்கேயே அழுதேன்.

பல வருஷம் கழித்து ஒரு மழைநாளில் அந்தப் படியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு ‘பியூட்டிஃபுல்’. வரியில் நேராக, துளிகூட ஏறாமல் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஆசாரியின் கண்ணுக்கே தப்பிய ஒன்று. மரத்தை அழகு என்று ஒருநாளும் சொல்லாத மனிதரின் வாயில் நான் வைத்த சொல். பிள்ளைகளின் படிகளிலும் அது இருக்கும். எழுதிச் சொல்ல விலாசம் இல்லை.

எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல நாக்கு பரபரக்கும்போதெல்லாம், எங்கோ கடல் தாண்டி இருவர் தாத்தாவின் சொல் என்று நம்பி என் சொல்லை வாசித்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொள்கிறேன்.